கட்டை விளையாட்டிற் கணக்குப் பொறி

கூட்டற் கணக்குக் கற்பித்த ஆசிரியர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்று சொல்வதிற் பிள்ளைகள் இடர்ப்படுவதில்லை. மூன்றை எழுதிவிட்டு, 'மனத்தில் ஒன்று' என வைத்து, அந்த ஒன்றை மறவாது அடுத்த தானத்துக்குக் கொண்டு செல்லவேண்டிய இடத்திலேதான் இடறுகின்றனர். மனிதன் செய்த கணக்குப் பொறிகள் யாவும் இடறியதும் அதே இடத்திலேதான். மனம் என ஒன்று இல்லாத பொருளுக்கு 'மனத்தில் ஒன்று' வைக்கக் கற்பிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குப் பெரும் பொறியியலாளர் கண்ட விடையை இன்று பதினாலு வயதுப் பிள்ளைகள் ஒரு விளையாட்டினுள்ளே தாமே கண்டு கட்டி வருகின்றனர். அவ்விளையாட்டைப் பற்றியும், அதிற் கட்டப்பெறும் கணக்குப் பொறிகளைப் பற்றியும், சிறப்பாக அவற்றைச் சுருங்கக் கட்டும் கலையைப் பற்றியும் இங்கே சில கூறக் கருதுகின்றோம். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர் சற்றே பொறுத்திருப்பாராக.

விளையாட்டின் பெயர் மைன்கிராப்ட். சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009 ஆம் ஆண்டில் இதனை வெளிவிடத் தொடங்கினார்; முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது; 2014 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனை விலைக்கு வாங்கிற்று. 2023 வரையில் முப்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயின. உலகமே சதுரக் கட்டைகளால் ஆனது; மண்ணும் கல்லும் மரமும் கட்டைகளே. பெயர்த்தெடுத்து, வேண்டிய இடத்தில் அடுக்கி, வேண்டியதைக் கட்டலாம். புத்தளக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே கைவிரல் போல நீண்டு கிடக்கும் எமது கற்பிட்டியிலும், பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே இதனை ஆடுகின்றனர். 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே கட்டிய கோட்டையைக் கட்டை கட்டையாக அடுக்கி மகிழ்ந்தவர்களும் உளர். கோட்டை கட்டுவது கண்ணுக்கு இன்பம்; கணக்குப் பொறி கட்டுவதோ அறிவுக்கு வேலை.

பொறி கட்டுதற்கு வேண்டுவன மிகச் சிலவே. 2010 ஆம் ஆண்டில் இவ்விளையாட்டினுள் 'ரெட்ஸ்டோன்' என்னும் செந்துகள் புகுத்தப்பட்டது. இதனைத் தரையிலே கோடாகத் தூவினால் மின்கம்பி போலத் தொழிற்படும். ஆயினும் அதன் வலிமை பதினைந்து. ஒவ்வொரு கட்டை தூரத்துக்கும் ஒன்று குறைந்து, பதினைந்து கட்டை கடந்தபின் அவிந்துவிடும். அப்பாற் செல்ல வேண்டின் இடையே மீட்டி ஒன்று வைத்தல் வேண்டும். அது வலிமையை மீண்டும் பதினைந்தாக்கும், ஆனாற் சிறிது காலத்தை விழுங்கும். மூன்றாவது, செந்துகட் பந்தம். இது எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் இயல்பினது. தான் பொருந்தியிருக்கும் கட்டைக்குச் சத்தி வந்தால் மட்டும் அணையும். அதாவது, ஆம் என்றால் இல்லை என்பது. இல்லை என்றால் ஆம் என்பது. வேறொன்றும் அறியாது.

இந்த எதிர்மறை ஒன்றைக் கொண்டே கணக்கு முழுவதையும் செய்துவிடலாம் என்பதே வியப்பு. ஒரு கட்டைக்கு இரு பக்கத்திலிருந்தும் இரண்டு துகட்கோடுகளைக் கொணர்ந்து, அதில் ஒரு பந்தத்தைப் பொருத்துங்கள். அவற்றுள் எது வந்தாலும் பந்தம் அணையும். இரண்டும் வாராதபோது மாத்திரமே எரியும். 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்னும் இவ்வொரு வாக்கியத்திலிருந்து தருக்கத்தின் ஏனைய வாக்கியங்கள் யாவற்றையும் பெறலாம் என 1880 அளவில் அமெரிக்கத் தருக்கவறிஞர் பேர்ஸ் கண்டார். இரண்டு உள்ளீடுகளையும் தனித்தனிப் பந்தத்தால் மறுத்து, மறுத்தவற்றை இணைத்து மூன்றாவது பந்தத்தால் மீண்டும் மறுத்தால், 'இதுவும் அதுவும்' என்னும் உம்மைப் பொருள் பிறக்கும். இரு மறுப்பு ஓர் உடன்பாடாதல் நம் இலக்கணத்துக்குப் புதிதன்று.

இலங்கையின் பாடநூல்கள் இவ்வமைப்புக்களைத் 'தருக்கப் படலை' என்று வழங்குகின்றன. எம் சொல்லாக்கக்காரர் செய்த நற்செயல்களுள் இஃதொன்று என்பது என் துணிபு. வீட்டு வேலியிலே திறந்து சாத்தும் படலையை அறியாத பிள்ளை இங்கே இல்லை. புத்தளத்து உப்பளங்களைப் பார்த்தவனுக்கோ இன்னும் எளிது. ஒரே வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரு மடைகள் இருப்பின், இரண்டும் திறந்தாலன்றி நீர் பாத்தியை அடையாது, இஃது உம்மை. இரு வாய்க்கால்கள் தனித்தனி மடையோடு ஒரே பாத்திக்கு வருமாயின், ஒன்று திறந்தாலே போதும், இஃது 'அல்லது'. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தேநீர் அல்லது கோப்பி என்று நாம் சொல்லும்போது இரண்டையும் ஒருங்கே கருதுவதில்லை. உப்பளத்து 'அல்லது' அத்தகையதன்று. இரு மடையும் திறந்தால் நீர் நன்றாகவே வரும். 'இரண்டில் ஒன்று மட்டும்' என்பது வேறோர் அமைப்பு. கூட்டலுக்கு இன்றியமையாதது இதுவே.

மின்சுற்றுக்களை இவ்வாறு வாக்கியங்களாகப் படிக்கலாம் என்பதை 1937 இல் குளோட் ஷனன் என்னும் இளைஞர் தம் பட்ட ஆய்வுரையில் நிறுவினார். ஜோர்ஜ் பூல் 1854 இல் நூலாக எழுதிய தருக்கக் கணிதத்தை அவர் மின்சாவிகளுக்குப் பொருத்தினார். அதே ஆண்டில், அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர், கழிக்கப்பட்ட தொலைபேசி உறுப்புக்களையும், கைவிளக்குக் குமிழ்களையும், புகையிலைத் தகரத்தில் வெட்டிய தகட்டையும் கொண்டு தம் வீட்டு அடுக்களை மேசையிலே இரண்டு துவித இலக்கங்களைக் கூட்டும் பொறியைச் செய்தார். அடுக்களையிற் பிறந்தமையால் அவர் மனைவியார் அதற்கு அடுக்களையின் ஆங்கில முதலெழுத்தையே பெயராக இட்டாராம். விளையாட்டிலே பிள்ளைகள் கட்டுவது அந்த அடுக்களைப் பொறியின் பேரப்பிள்ளையே.

இனி, 'துவித இலக்கம்' என்பதைத் தமிழ் கற்றார்க்கு விளக்குதல் மிக எளிது. ஏனெனில் அவர்கள் அதனை வேறு பெயரில் முன்னரே கற்றுள்ளனர். யாப்பிலே அசை இரண்டே: நேர், நிரை. ஓரசையால் நாள், மலர் என இரண்டு; ஈரசையால் நான்கு; மூவசையால் எட்டு; நாலசையால் பதினாறு; ஆகச் சீர்கள் முப்பது. நேர் என்பதைச் சுழியாகவும் நிரை என்பதை ஒன்றாகவும் வைத்து, முதலசைக்கு ஒன்று, இரண்டாமசைக்கு இரண்டு, மூன்றாமசைக்கு நான்கு, நாலாமசைக்கு எட்டு என மதிப்பிட்டுப் பாருங்கள். தேமா சுழி, புளிமா ஒன்று, கூவிளம் இரண்டு, கருவிளம் மூன்று. காய் வந்தால் அதே எண். கனி வந்தால் நான்கு கூடும். ஆகவே கருவிளங்கனி ஏழு. நாலசையில் தண்பூ சேர்ந்தால் ஒன்றும் கூடாது. நறும்பூவுக்கு நான்கு, தண்ணிழலுக்கு எட்டு, நறுநிழலுக்குப் பன்னிரண்டு. கருவிளநறுநிழல் பதினைந்து. அதற்குமேல் நாலசையில் எண் இல்லை. வடமொழியிற் பிங்கலர் குரு லகுக்களை இவ்வாறே விரித்து முறைப்படுத்தினார். ஐரோப்பாவில் லைப்னிற்ஸ் துவித எண்கணிதத்தை வெளியிட்டது 1703 இல்.

இதனாற் கணனியை நம் முன்னோர் முன்னரே கண்டுவிட்டனர் என்று மேடையேறி முழங்குதல் பொருந்தாது. சீர்களை அவர்கள் எண்ணினர்; சீர்களாற் கூட்டவில்லை. வாய்பாடு சமைத்தது வேறு, பொறி சமைத்தது வேறு. எனினும், இருவகை அசையால் எத்தனை வடிவம் பிறக்கும் என்பதை ஒன்றும் விடாது விரித்தறியும் பழக்கம் நம் மாணாக்கர்க்கு யாப்பருங்கலக்காரிகை தந்த செல்வம். அதனை வெண்பாத் தளை பார்ப்பதற்கு மட்டும் செலவிடவேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை.

பதின்மூன்றையும் பதினொன்றையும் கூட்டுவோம். பதின்மூன்று நிரை நேர் நிரை நிரை, அஃதாவது புளிமாநறுநிழல். பதினொன்று நிரை நிரை நேர் நிரை, அஃதாவது கருவிளந்தண்ணிழல். முதலசையில் நிரையும் நிரையும்: ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஆகவே நேர் எழுதி மனத்தில் ஒன்று. இரண்டாமசையில் நேரும் நிரையும், மனத்தில் இருந்த ஒன்றும்: மீண்டும் நேர், மனத்தில் ஒன்று. மூன்றாவதும் அப்படியே. நாலாவதில் நிரையும் நிரையும், வந்த ஒன்றும்: மூன்று, நிரை எழுதி மனத்தில் ஒன்று. அது ஐந்தாமசையாக நிற்கும். விடை நேர் நேர் நேர் நிரை நிரை. எட்டும் பதினாறும் இருபத்துநான்கு. ஐந்தசைச் சீர் தமிழில் இல்லை என இலக்கணம் தடுக்கும். பொறியிலோ ஐந்தாவது விளக்கு ஒன்று கூட வைத்தாற் போதும். வையாதவன் பொறி, பதின்மூன்றும் பதினொன்றும் எட்டு என்று கூசாமற் சொல்லும்.

பொறியினுள் நிகழ்வதும் இதுவே. ஒரு தானத்தில் 'இரண்டில் ஒன்று மட்டும்' என்னும் படலை எழுதவேண்டியதைத் தரும். உம்மைப் படலை மனத்தில் வைப்பதைத் தரும். இரண்டும் சேர்ந்தது அரைக்கூட்டி. கீழ்த்தானத்திலிருந்து வரும் ஒன்றையும் சேர்த்துக் கூட்ட அரைக்கூட்டிகள் இரண்டு வேண்டும், அது முழுக்கூட்டி. எட்டு முழுக்கூட்டிகளைத் தொடுத்தால் 255 வரையுள்ள எண்களைக் கூட்டலாம். மனம் இல்லாத பொருள் 'மனத்தில் ஒன்று' வைப்பது, அவ்வொன்றை அயலானுக்குக் கோட்டு வழியே அனுப்பிவிடுவதால். இதிலே மாயம் ஒன்றும் இல்லை.

ஆனாற் காலம் உண்டு. ஒவ்வொரு பந்தமும் மாறுதற்கு வினாடியிற் பத்திலொரு பங்கு எடுக்கும். கொண்டு செல்லும் ஒன்று ஒரு தானத்தில் இரு பந்தங்களைக் கடப்பதாயின், எட்டுத் தானமும் கடக்க 1.6 வினாடி. அதற்குள் விளக்குகள் பொய்விடைகளைக் காட்டி மினுங்கும். சார்ள்ஸ் பாபேஜ் 1830 களிற் பித்தளைச் சக்கரங்களாற் பெரும்பொறி வகுத்தபோது மிக உழைத்தது இவ்விடத்திலேதான். ஒன்று வருமுன்னே அதன் வரவை உணர்ந்துகொள்ளும் உபாயம் ஒன்றை அவர் கண்டார். நுட்பம் இது: ஒரு தானத்தில் நிரையும் நிரையும் இருந்தால், கீழிருந்து எது வரினும் மேலுக்கு ஒன்று செல்வது உறுதி. நேரும் நேரும் இருந்தால், எது வரினும் அங்கே மடியும். நேரும் நிரையும் இருந்தால் வந்தது அப்படியே கடந்து போகும். பிறத்தல், மடிதல், கடத்தல் என்னும் இம்மூன்றையும் எல்லாத் தானங்களிலும் ஒரே கணத்தில் அறிந்துகொள்ளலாம். வரிசையாகக் காத்திருக்க வேண்டுவதில்லை. விளையாட்டிலே விரைவுப் பொறி கட்டுவோர் யாவரும் இவ்வழியே செல்கின்றனர்.

சுருக்கத்தின் சிறப்பும் இங்கேதான் புலப்படும். இடத்தைச் சுருக்குதல் இங்கே அழகுக்காக அன்று. பொறி நீண்டால் துகளின் வலிமை பதினைந்து கட்டையில் அவியும். மீட்டி வைத்தாற் காலம் நீளும். இடமே காலம். ஆனால் நெருக்கிக் கட்டினால் வேறொரு தொல்லை. அடுத்தடுத்துக் கிடக்கும் இரு துகட்கோடுகள், கேளாமலே ஒன்றாகிவிடும். நிலைமொழியும் வருமொழியும் அருகருகே நின்றாற் புணர்ந்துவிடுதல் போலும்! வேண்டாத புணர்ச்சியைத் தடுக்க ஒன்றை மேற்றளத்துக்கு ஏற்றவேண்டும், அல்லது இடையிலே மீட்டி வைத்துத் திசையைக் கட்டவேண்டும். ஒரே கட்டை அகலத்தில் ஒரு முழுக்கூட்டியை அடக்கி, அதே வடிவைப் பக்கம் பக்கமாக ஓடு வேய்வது போல அடுக்குவதே இக்கலைஞர்களின் பெருங்குறிக்கோள்.

2013 ஆம் ஆண்டில் ஒப்பி என்னும் புதிய உறுப்பு விளையாட்டிற் சேர்ந்தது. பின்னிருந்து வரும் வலிமையிலிருந்து பக்கத்தில் வரும் வலிமையைக் கழித்து மிகுதியைத் தருவது அது. முதலாவதிலிருந்து இரண்டாவதை ஓர் ஒப்பி கழிக்க, இரண்டாவதிலிருந்து முதலாவதை மற்றோர் ஒப்பி கழிக்க, இரு விடைகளையும் இணைத்தால், இரண்டும் ஒத்தவிடத்துச் சுழியும் ஒவ்வாதவிடத்துச் சத்தியும் வரும். பல பந்தங்கள் செய்த 'ஒன்று மட்டும்' என்னும் வேலையை இரண்டு ஒப்பிகள் செய்துவிட்டன! அம்மட்டோ? துகளின் வலிமை சுழி முதற் பதினைந்து வரை பதினாறு நிலையுடையது. நாலசைச் சீர் பதினாறு என்பதை நினைவிற் கொள்க. நான்கு கோடுகளில் ஓடிய எண்ணை ஒரே கோட்டில் ஓடவிடலாம்; அசை அசையாக அன்றிச் சீர் சீராகக் கூட்டலாம்.

எம் பகுதி மாணாக்கன் ஒருவன், ஒளிப்படக் காட்சியொன்றைப் பார்த்துக் கட்டை கட்டையாக ஒரு கணக்குப் பொறியைப் பிரதி செய்தான். கணனிப் பதிப்புக்கென வகுத்த அமைப்பு அது. அவன் கட்டியது கைத்தொலைபேசிப் பதிப்பில். இலக்கங்காட்டும் பலகையின் உந்திகள் அசையவில்லை. கணனிப் பதிப்பிலே உந்திக்கு மேலேயுள்ள வெற்றிடத்துக்குச் சத்தி வந்தாலும் அது தள்ளும். கைத்தொலைபேசிப் பதிப்பில் அவ்வியல்பு இல்லை. காட்சியில் உள்ளதை ஒன்றும் விடாது செய்தும் ஏன் பிழைத்தது என்பது அவனுக்கு விளங்கவில்லை. பின்னர், பலகையை விட்டு, ஒரேயொரு தானத்தை எடுத்துக் காகிதத்தில் எட்டு நிலைகளையும் எழுதினான். உள்ளீடு இரண்டு, வந்தது ஒன்று. மூவசைச் சீர் எட்டுத்தானே. எழுதியபின் தானே கட்டிய கூட்டி, பிரதி செய்ததிற் பாதி அகலமே இருந்தது. இதிலே கவனிக்கத் தக்கது, பெரிய பொறியை விளங்காமலே பிரதி செய்யலாம் என்பது. சிறிதாக்க விளங்கியவனால் மட்டுமே முடியும். எந்தக் கட்டை எதற்காக நிற்கிறது என்று அறியாதவன் எதனை எடுத்தெறியத் துணிவான்? மனனம் செய்து பரீட்சை எழுதும் பிள்ளையும், கட்டுரையைச் சுருக்கி எழுதச் சொன்னாற் கலங்குவது இதனாலேயே.

சுருங்கச் சொல்லலை நன்னூலார் அழகு பத்தினுள் வைத்தார். குன்றக் கூறலையோ குற்றம் பத்தினுள் வைத்தார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேலி மெல்லியது. மிகச் சிறிய பொறி என்று பெருமை பேசப்படுவன சில, ஒன்று நான்கு தானம் தொடர்ந்து கடக்கும்போது வலிமை குன்றிப் பிழைக்கின்றன. நாலசைப் பொறிக்கு உள்ளீட்டு இணைகள் 256. பொறுமையுள்ளவன் ஒரு மாலையில் அனைத்தையும் சோதித்துவிடலாம். எட்டுத் தானமாயின் 65,536. அங்கே கையாற் சோதித்தல் இயலாது. இயலும் என்பதை நியாயத்தால் நிறுவவேண்டும். விளையாட்டு வினையாகும் என்பார் பெரியோர். இவ்வினை எனக்கு உடன்பாடே.

சுருக்கத்துக்கு இன்னொரு வழியும் உண்டு; அஃது எம் கடற்கரைக்கு அந்நியமானதன்று. ஜோன் வாரன் என்னும் ஐரோப்பியர் 1825 இற் சென்னையில் 'காலசங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையிற் சிப்பிகளைப் பரப்பி நகர்த்தியே, ஏடும் எழுதுகோலும் இன்றிச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் கண்டார். அவ்வாண்டு மே 31 இரவு நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிட வேறுபாட்டுடன் அமைந்தது. முடிவு 52 நிமிடம் பிசகிற்று. இத்துணைச் சிறிய பொறி எவ்வாறு இத்துணைப் பெரிய கணக்கைச் செய்தது? வாய்பாடுகள் அவர் நெஞ்சில் இருந்தன. வாக்கிய முறையிலே சந்திரனுக்கு மாத்திரம் 248 வாக்கியங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓரிலக்கம். கணிக்க வேண்டியவற்றை முன்னரே கணித்து மனத்தில் வைத்தமையால், தரையிற் சில சிப்பிகள் போதுமாயின. கணனி வல்லார் இன்றும் செய்வது இதுவே: கணிப்பைக் குறைக்க வேண்டின் நினைவைப் பெருக்கு. ஆயினும் வாரன் வேறொன்றும் எழுதினார். அக்கணிதர் அம்முறையின் தத்துவத்தை அறிந்தவரல்லர் என்பது. முடிவு 52 நிமிடம் பிசகியது ஏன் என்று கேட்டால், சிப்பிகள் சொல்லமாட்டா. பிரதி செய்த மாணாக்கனின் உந்திகளை இவ்விடத்தில் நினையாமல் இருக்க இயலவில்லை. அந்தக் கணிதரின் நினைவாற்றலுக்குத் தலைவணங்குகின்றோம். ஆனால் நம் பிள்ளைகள் அவ்வளவில் அமைதல் வேண்டாம்.

பொறியைக் கட்டி முடித்தபின்னும் ஒரு தொல்லை எஞ்சும். விடை நேரும் நிரையுமாக நிற்கும். பார்ப்பவனுக்கோ பத்தடி எண் வேண்டும். அதற்கும் ஓர் உபாயம் உண்டு. எண்ணை மேற்றானத்திலிருந்து ஒவ்வோர் அசையாக நாலசைப் பெட்டிகளுள் தள்ளுவர். தள்ளுந்தோறும் பெட்டியில் உள்ளது இரட்டிக்கும். தள்ளுமுன் ஒரு பெட்டியில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால், மூன்று கூட்டிவிடுவர். ஏன் மூன்று? நாலசை பதினாறு வரை எண்ணும். நமக்கு வேண்டுவது பத்து வரை. இடையே ஆறு வீண். இரட்டிக்குமுன் கூட்டும் மூன்று, இரட்டித்தபின் அந்த ஆறாகிப் பத்தை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். சிறிய கூட்டியைக் கட்டியவர் பலர் இம்மாற்றியைக் கட்டும்போது இடம் போதாமல் திணறுவர். கூட்டியைவிட மாற்றி பெரிதாதல் வழக்கம். தலைப்பாகை தலையிற் பெரிதானாற்போல!

கழித்தலுக்குத் தனிப்பொறி வேண்டியதில்லை. கழிக்கும் எண்ணின் நேரையெல்லாம் நிரையாகவும் நிரையையெல்லாம் நேராகவும் மாற்றி, மேலும் ஒன்று சேர்த்துக் கூட்டி, கடைசியில் வழிந்த ஒன்றைக் கைவிட்டாற் கழித்தலாகும். பெருக்கல் அதனினும் இனிது. ஒரு சீரின் முன்னே நேரசை ஒன்றைச் சேர்த்தால் எண் இரட்டிக்கும். கருவிளம் மூன்று, அதன் முன்னே நேர் வரக் கூவிளங்கனி, ஆறு. ஆதலின் ஐந்தாற் பெருக்க வேண்டின், எண்ணை ஒருமுறை அப்படியே வைத்து, இரண்டு நேர் முன்சேர்த்து இன்னொருமுறை வைத்து, இரண்டையும் பழைய கூட்டியிலே விட்டாற் போதும். முற்கூறிய மாணாக்கன் இப்போது இதனைத் தொடங்கியிருக்கிறான். நாலசையை நாலசையாற் பெருக்கக் கூட்டி மூன்று வேண்டும் என்று கணக்கிட்டு வந்தான். ஒரே கூட்டியை மூன்று முறை சுற்றிவர விட்டால் ஆகாதா என்று கேட்டேன். ஆகும், ஆனால் இடையில் வந்த விடையைப் பிடித்து வைக்க ஓர் இடம் வேண்டுமே என்றான்.